சிவப்புத் தாளுக்கு அடியில்

காலையில் ஒட்டிய சிவப்புத் தாள் மத்தியானத்துக்குள் தரையில் கிடந்தது.

யூச்சின் காய்ச்சும் அரிசிப் பசை லேசுப்பட்டதல்ல. போன புயலில் பாதி ஊரின் கூரை பறந்து பக்கத்துத் தீவில் போய் உட்கார்ந்தது. அவள் ஒட்டிய தாள் மட்டும் அசையவில்லை. அது இன்று கழன்றிருந்தது.

குல மண்டபத்தில் மூதாதையரின் பெயர்ப்பலகைகள் கூரை முட்ட அடுக்கடுக்காக நின்றன. உயிரோடிருப்பவரின் பெயரைச் செதுக்கினால் அதைச் சிவப்புத் தாளால் மூடுவார்கள். ஆள் செத்ததும் தாளைக் கிழித்துவிடுவார்கள். யூச்சின் மூடிவைத்திருந்தது மகன் ஹைஷெங்கின் பெயரை. அவன் கடலுக்குப் போய் ஒன்பது வருஷம். படகின் ஒரு துண்டுகூடக் கரை சேரவில்லை.

"பலகையில இருக்கிற பெரியவங்க பசியில பசையை நக்கிட்டாங்க போல, அண்ணி," என்றார் மண்டபத்தைக் காக்கும் கொழுந்தன் பூவென். பிறகு குரல் தாழ்ந்தது. "நாளைக்குக் குளிர்காலப் பூசை. உசுரோட இருக்கிறவனுக்குப் படையல் கிடையாது. ஒன்பது வருஷமா புள்ள பட்டினி. விட்டுடுங்களேன்."

"எம்புள்ள செத்ததை நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப வாயை மூடிட்டுப் போ."

அவர் போனார். முற்றத்தில் மழை ஓயாமல் சொட்ட, ஊதுபத்திச் சாம்பலும் ஈர மரமும் கலந்த வாசத்துக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மீன் செதிலின் வாடையொன்று எழுந்து வர, யூச்சின் புதுத் தாளில் பசை தடவி மகன் பெயர்மேல் வைத்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல் நீவிக்கொடுத்தாள்.

தாள் சூடாக இருந்தது.

ஓரங்களில் நீர் கசிந்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

தாள் உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது. இம்முறை இரண்டு உதடுகளின் வடிவம்.

"அம்மா."

அவள் பலகையைப் பற்றிக்கொண்டாள்.

"பிரிச்சு விடும்மா. மூச்சு முட்டுது. பசிக்குது."

நகம் தாளின் முனைக்குப் போனது. நின்றது. பிரித்தால் அவன் செத்தவன்.

"மூச்சு விடுறியே கண்ணு," என்றாள். கண்ணீர் தாடையில் வழிந்தது. "இருக்கியே. இருக்கியேடா."

இன்னொரு தாளை எடுத்தாள். ஓரமெல்லாம் பசையைக் கெட்டியாக அப்பினாள். அந்த வாயின்மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினாள்.

உள்ளே மூச்சு வேகமெடுத்தது. அவள் கன்னத்தை அதன்மேல் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, மூன்றாவது தாளுக்குக் கை நீட்டினாள்.