சந்தனக் கதவு

மகால் தெரு வீட்டில் நான் வந்து இறங்கியபோது வாசல் வரைக்கும் டெட்டால் வாடை அடித்தது. வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு எதிரே என் அண்ணன் விஜய்ஆனந்த் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பாருங்கள், அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் சௌராஷ்ட்ரம். சண்டை மட்டும் மதுரைத் தமிழ்.

“ஏண்ணே, அம்மாவ இன்னும் கூட்டிட்டுப் போகலையா?”

“வந்ததும் ஆரம்பிக்காத ரம்யா. படம் முடியப் போகுது.”

விஷயம் இதுதான். சின்ன வயதில் இவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்கள் கைவிரித்தபோது, அம்மா அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கதவில் சந்தனம் பூசுகிறேன் என்று. அங்கே சிலை கிடையாது. அடைத்துக் கிடக்கும் கதவுதான் சாமி. பிள்ளை பிழைத்தான். அப்பா போனது, என் கல்யாணம், இவன் படிப்பு என்று வேண்டுதல் தள்ளிக்கொண்டே வந்தது. இப்போது இரண்டு கிட்னியும் பழுதாகி, சாவதற்குள் அந்தக் கதவைத் தொட்டுவிட வேண்டும் என்று அம்மா துடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காரைப் பிடித்தால் ஒரு மணி நேரம். டாக்டரே போய்வரச் சொல்லிவிட்டார். இவன் என்ன செய்தான் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள்ளேயே கோயிலைக் கட்டினான். கேமராவே இல்லாத படமாம். மலை, மரம், குரங்கு எல்லாம் தானே உருவாக்கி, பழைய போட்டோக்களை வைத்து அம்மாவையும் செய்து உள்ளே நடக்கவிட்டிருந்தான். நோயையும் பக்தியையும் பற்றிய சோதனை முயற்சியாம், வெளிநாட்டுப் போட்டிக்குப் போகுமாம். வெங்காயம்!

அன்று மத்தியானம் படத்தைப் போட்டுக் காட்டினான். திரையில் அம்மா அரக்குப் புடவையும் சந்தனக் கிண்ணமுமாக நடந்து போனாள். கட்டிலில் கிடந்தவள் கை கூப்பினாள். என்னையறியாமல் நானும் கூப்பினேன், பொய் சொல்ல மாட்டேன்.

திரை அம்மா கதவுக்கு முன்னால் நின்றாள்.

கதவு திறந்தது.

உள்ளே ஒரே இருட்டு. அவள் அதற்குள் நடந்து போனாள். கதவு மூடிக்கொண்டது.

“டேய், அது கண்ட நேரத்துல தொறக்கப்படாதுடா,” என்றாள் அம்மா. மூச்சு இரைத்தது. “நான் இன்னும் சந்தனம் பூசலையே.”

“கிளைமாக்ஸ்மா அது,” என்று சிரித்தான்.

“இருட்டா இருக்கு. என்னைய வெளிய விடு, விஜி.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விளக்கு வைப்பதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள். தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த 2008 அது. அன்றும் மத்தியானம் போயிருந்தது. மின்விசிறி நின்று வீடே புழுங்கியது. அண்ணன் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“காலைல போட்டுப் பாத்தேன். படத்துல அம்மா இல்ல,” என்று கிசுகிசுத்தான். “முதல் சீன்லயே இல்ல. நான் அழிக்கல. கதவு மட்டும் இருக்கு.”

டெட்டால் வாடை வந்தது. பாட்டிலைக் காலையில்தான் நான் வெளியே எறிந்திருந்தேன்.

டொக்.

திரைக் கண்ணாடியில்.

டொக். டொக். உள்ளேயிருந்து.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணனை ‘டா’ போட்டேன்.

“எந்திரிடா! உன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னுதான சொன்னா. அவ கேட்டது அம்புட்டுத்தான். அதுக்கு உனக்கு நேரமில்ல!”

காரைப் பிடித்து ஒரு மணி நேரத்தில் அழகர்கோவில் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு சீக்கிரம் போய்விட்டோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கருப்பு சன்னதியில் கூட்டம் இல்லை. பூட்டிய கதவு மாலைகளோடு நின்றது. அண்ணன் உள்ளங்கை நிறையச் சந்தனம் எடுத்துக் கதவில் வைத்துத் தேய்த்தான்.

தேய்த்த கை அப்படியே நின்றது.

“ரம்யா.” குரலே எழும்பவில்லை. “கைய இழுக்க முடியல.”

“ஏன்?”

“பிடிச்சிருக்காங்க.”

கதவிடுக்கிலிருந்து டெட்டால் வாடை வந்தது. நான் கிட்டே போனேன். அவனை இழுக்கப் போகவில்லை. கதவில் வாயை வைத்து, “விட்டுறாதம்மா,” என்றேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று தெரியாது. கை வந்ததும் திருப்பிப் பார்த்தான். சந்தனம் எடுத்தது உள்ளங்கையில்தான். ஆனால் புறங்கையில் ஐந்து விரல் தடம் சந்தனமாகப் பதிந்திருந்தது. மோதிர விரல் தடம் சற்று வளைந்திருந்தது, அம்மாவுக்கு இருந்த மாதிரியே.

படத்தை அழித்துவிட்டான். கம்ப்யூட்டரும் போய்விட்டது. கையை மட்டும் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும், துடைத்து முடிப்பதற்குள் அந்த ஐந்து விரலும் ஈரச் சந்தனமாக ஏறிவிடுகிறது.