சிவப்புப் புள்ளி இடது பக்கம்

போன் மாட்டப் போனால் காபி கிடைக்கும். கழற்றப் போனால் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தப் பங்குனியில் ஒரு வீட்டிலும் காபி குடிக்கவில்லை. எல்லாமே கழற்றல் உத்தரவுகள். நேற்று நங்கநல்லூரில் ரெஜினா என்ற அம்மாள், நான் கழற்றிய போனைத் துடைத்து, தானே ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார். "என் பையன் கூப்பிடறதில்ல சார், அவனோட மெஷின்தான் கூப்பிடுது. அதுக்கு எதுக்கு வீட்ல ஒரு போன்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தப் பை இன்னும் என் வண்டியில்தான் கிடக்கிறது. கிடங்கில் ஒப்படைக்கக்கூட அலுப்பாக இருந்தது.

இன்றைக்குக் குரோம்பேட்டை, ஒன்பதாவது மாடி. ஹரிகிருஷ்ணன், எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகள் சங்கவி, ஹாலிஃபாக்ஸில் வேலை. இவ்வளவும் உத்தரவுத் தாளிலேயே இருந்தது. கழற்றுவதற்கான காரணத்தை மட்டும் நான் கேட்டு எழுத வேண்டும்.

"என்னன்னு சார் எழுத?"

"எட்டு மாசமா லைட் எரியலன்னு எழுதுங்க தம்பி."

எங்கள் துறையில் அந்த ஒரு வரி போதும். ஒருவர் குரலிலேயே தானாகப் பேசும் குரல்நகல் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த காலத்தில், தூரத்தில் இருந்த பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிந்து கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாத்திரை போட்டாச்சா, அங்கே மழையா என்று தினமும் பெற்றோரை விசாரிப்பது நகலின் பொறுப்பானது. நீ அசலா என்று கேட்டால் அதுவும் அசல் என்றுதான் சொல்லும். வழக்குகள் நடந்து, கேட்பவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் புதிய கருவிகளில் என்ன அடையாளம் வைத்தாலும் நகல் அதையும் ஏமாற்றியது. கடைசியில், கிடங்குகளில் தூசி படிந்து கிடந்த பழைய போன்களைத் தேடி எடுத்தார்கள். விரலை விட்டுச் சுற்றும் எண்வட்டுக்குப் பின்னால் குட்டி விளக்கு இருக்கிற வகை. அந்த விளக்குக்கென்று தனியாக இரண்டு செம்புக் கம்பிகள். தொலைபேசி இணைப்பகத்துக்கும் விளக்குக்கும் நடுவில் யோசிக்கத் தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லை. அந்த முனையில் மனிதத் தொண்டை அதிர்ந்தால் இங்கே விளக்கு எரியும், பேச்சு நின்றால் அணையும். நகல் பேசினால் எரியாது. மெய்விளக்கு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

"எட்டு மாசமா போனே வரலியா சார்?"

"வருது. டெய்லி நாலு மணிக்கு, அங்க விடியற நேரத்துக்கு. ஒரு நாள் தவறல. அதுலயே தெரிய வேணாமா? பொண்ணா இருந்தா மாசத்துல ரெண்டு நாளாவது மறப்பா." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. ஒரு தடவை கேட்டேன். நான்தாம்ப்பான்னுச்சு. சரின்னு நானும் பழகிட்டேன். என்ன மெஷின், இன்னிக்கு என்ன விசேஷம்னுதான் எடுப்பேன். அதுவும் சிரிக்கும்."

"அப்புறம் ஏன் சார் கழட்டச் சொல்றீங்க?"

அவர் பால்கனிப் பக்கம் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் நான் அவசரப்படுத்துவதில்லை. கழற்ற வருகிறவனிடம் ஜனங்கள் எதையாவது சொல்லத்தான் செய்கிறார்கள். திரும்ப வரமாட்டான் என்ற தைரியம்.

"மெஷின்கிட்ட பேசறதுல ஒரு சௌகரியம் உண்டு தம்பி. ஐப்பசில அவ அம்மா திதி. அன்னிக்கு வாய்விட்டு சொல்லிட்டேன். அவ அம்மா திடீர்னு போகல. ஒம்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தா. சங்கவிக்கு சொல்லுங்க, சங்கவிக்கு சொல்லுங்கன்னு கேட்டுட்டே இருந்தா. நான் சொல்லல. விட்டுட்டுப் போனவதானே, வந்து என்ன கிழிக்கப் போறான்னு ஒரு வீம்பு. முடிஞ்சப்புறம், திடீர்னு போயிட்டான்னு போன் பண்ணேன். இதையெல்லாம் பெத்த பொண்ணுகிட்ட சொல்லுவேனா? மெஷினாச்சேன்னு சொன்னேன்."

"அது என்ன சொல்லுச்சு?"

"ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மாத்திரை போட்டுக்குங்கப்பான்னு வச்சிடுச்சு. மறுநாள் டாண்ணு நாலு மணிக்கு அடிக்குது. சங்கவியா இருந்தா என் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டா. கோபப்படக்கூடத் தெரியாத ஒண்ணுகிட்ட எத்தனை நாள் பேசறது? போதும், கழட்டிடுங்க."

எழுதிக்கொண்டேன். போனை மேசைக்கு இழுத்து வேலையை ஆரம்பித்தேன். முதலில் விளக்கைத் தனியாக எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நேற்று வரை அலுப்பில் எந்த வீட்டிலும் அதைச் செய்யாமல் போனை அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தேன். பழைய இழை விளக்குகள் தீர்ந்துபோய், போன வருடம்தான் எல்லாப் போன்களிலும் எல்இடி மாற்றினோம். நடுத்தகட்டை நெம்பி, எண்வட்டைத் தூக்கினேன். விளக்கின் அடியில் இருந்த சிவப்புப் புள்ளி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். வலது பக்கம்தான். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் ஆடி ஒன்பது என்று தேதியும், எபினேசர் என்று என் கையெழுத்தும்.

பழைய இழை விளக்கை எந்தப் பக்கம் செருகினாலும் எரியும். எல்இடி அப்படியில்லை. புள்ளி இடது பக்கம் இருந்தால்தான் லைனில் ஒரே திசையில் வரும் மின்சாரத்துக்கு எரியும். எங்கள் சோதனைப் பெட்டியோ இரண்டு திசையிலும் மாறி மாறி மின்சாரம் கொடுப்பது. அதில் எப்படி வைத்தாலும் எரிந்து தொலைக்கும். ஆடியில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. பெட்டியை வைத்தேன், எரிந்தது, அடுத்த வீட்டுக்குப் போனேன். புள்ளியைப் பார்த்துச் செருகவும் என்று பிற்பாடு சுற்றறிக்கை வந்தது. படித்தேன் என்று அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

விளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் நாலு மணிக்குக் கூப்பிடுவாள், போன் இருக்காது.

"சார், இந்த விளக்கு எரியாததுக்கு உங்க பொண்ணு காரணமான்னு தெரியாது. நான் தலைகீழா மாட்டியிருக்கேன். யார் பேசியிருந்தாலும் எரிஞ்சிருக்காது."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?"

"நான் மாட்டின நாள்லேர்ந்து."

"அப்ப ஐப்பசில..."

"அது மெஷினாவும் இருந்திருக்கலாம் சார். தெரியல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு ஆறு நிமிடம். நான் விளக்கை உருவி, புள்ளியை இடப்பக்கம் திருப்பிச் செருகி, வட்டை மூடினேன்.

"தம்பி, அதைப் பழையபடியே வச்சிடுங்க" என்றார். "போனைக் கழட்ட வேணாம். இருக்கட்டும். லைட் மட்டும் பழையபடி இருக்கட்டும். எரிஞ்சா நான் தாங்க மாட்டேன். எரியலன்னாலும் தாங்க மாட்டேன்."

"சார், அவங்க அசலா இருந்தா எட்டு மாசமா மெஷின்னு பேர் வாங்கிட்டிருக்காங்க."

 அவர் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவர் என் கையில்தான் இருந்தது. அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் திருப்பித்தான் வைத்திருப்பேன். அதற்குள் மணி அடித்தது.

நாலு முறை அடிக்க விட்டு ரிசீவரை எடுத்தார். வட்டு இருட்டாகவே இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

"அப்பா?"

விளக்கு எரிந்தது. வெளிர்பச்சை, ஒரு நொடி. அணைந்தது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?" எரிந்தது. வட்டில் ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை அத்தனை எண்ணும் தெரிந்தன. அணைந்தது.

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.   பிறகு தூக்கக் கலக்கம் மாறாத குரலில் அவள் கேட்டாள்: "என்னப்பா, இன்னிக்கு மெஷின்னு கூப்பிடலியா?"

அத்தனை சொல்லுக்கும் விளக்கு எரிந்தது. அவர் குனிந்து, நெற்றியை வட்டின்மேல் வைத்துக்கொண்டு அழுதார். "சங்கவி" என்றார்.  அழுகைக்கு நடுவில் என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

கழற்றல் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வண்டியில் ஏறினேன், கிளப்பவில்லை. ஆடியில் நான் விளக்கு மாற்றிய வீடுகள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். இந்த மாதம் கழற்றியவற்றில் எத்தனை அந்த வீடுகள் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

ஜவுளிக்கடைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ரெஜினா அம்மாள் துடைத்த துடைப்பில் போன் இன்னும் பளபளப்பாக இருந்தது. நடுத்தகட்டை நெம்பி, வட்டைத் தூக்கினேன்.

புள்ளி வலது பக்கம் இருந்தது.