நீர் இறங்கிய தோல்

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எவ்லினின் துப்பறியும் அலுவலகம். பிரசாந் படியேறி வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். கிருலப்பனையில் உள்ள ஆய்வுகூடம் ஒன்றில் அவனுக்கு வேலை. மனிதத் தோலின் உயிரணுக்களைச் சின்னக் கிண்ணங்களில் வளர்த்து, தீக்காய மருந்துகளை அதில் பூசிப் பார்ப்பார்கள். நல்ல தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் பெரிய வெள்ளி விடுமுறை முடிந்து சோதித்தபோது, அத்தனை தோலிலும் மேலே விட்ட சாயத்தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பிரசாந்தான் ஊசியால் குத்திக் கெடுத்தான் என்று பழி. நிர்வாகியோடு முந்தின வாரம் சண்டை பிடித்தவன் அவன்தானே, பாவம்.

"வேலை போனாப் போகட்டும் மேடம். கெடுத்தவன் எண்டு பேர் வந்தா வேற எந்த லாப்பிலயும் என்னை எடுக்கமாட்டாங்க."

உதவியாளன் ரிஸ்கான் அதற்குள் குற்றவாளியையே பிடித்துவிட்டான். பிரசாந்தின் பதவிமேல் கண் வைத்திருப்பவன் கூட வேலை செய்யும் ரெனால்ட், சோதனை செய்தவனும் ரெனால்ட், பிறகென்ன விசாரணை? ரிஸ்கானுக்கு எதிலும் அவசரம். எவ்லின் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஆய்வுகூடத்தில் நிர்வாகி யோகேஸ்வரி வேண்டாவெறுப்பாகத்தான் கதவைத் திறந்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் தோலில் ஒரு துளைகூட இல்லை. உயிரணுக்கள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. மேற்பரப்பு மட்டும் இறுகாமல் கொழகொழவென்று கிடந்தது. தோலுக்குக் கீழேயிருந்துதான் உணவுத் திரவம் கொடுப்பார்களாம்; மேலே காற்றுப் பட்டால்தான் இறுகுமாம். அதனால் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றிவிட்டுப் போனதாகப் பிரசாந் சொன்னான். தான் திறந்தபோது கிண்ணங்கள் தளும்பி நின்றதாக ரெனால்ட் சொன்னான். உள்ளே வரச் சாவி வைத்திருந்த மூன்றாவது ஆள் பக்கத்து அறை நிப்லா. அவள் வளர்ப்பது வேறு வகை உயிரணுக்கள். அவை எந்நேரமும் திரவத்துக்குள் மூழ்கிக் கிடக்க வேண்டும்.

எவ்லின் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தாள்.

"குத்தியிருந்தா துளை இருக்கும். நஞ்சு வச்சிருந்தா செத்திருக்கும். இதுக்கு யாரோ மேலால சாப்பாடு ஊத்தியிருக்காங்க. கெடுக்க வந்த ஆள் சாப்பாடு குடுக்காது. காய்ஞ்ச மேற்பரப்பைக் கண்டு பதறின ஆள்தான் குடுக்கும்."

நிப்லா அழத் தொடங்கிவிட்டாள்.

"நான்தான். மேல காய்ஞ்சு கிடந்தது. பிரசாந் அண்ணன் மறந்துட்டார்னு நினைச்சேன். லீவு முழுக்க வந்து ஊத்தினேன். சொன்னா அவருக்கு ஏச்சு விழும்னுதான் வாயே திறக்கல்ல."

அவனைக் காப்பாற்ற அவள் மறைத்ததுதான் அவன் கழுத்துக்குக் கயிறாகியிருந்தது. ரிஸ்கான் ரெனால்டின் முகத்தைப் பார்க்கக் கூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

யோகேஸ்வரி பிரசாந்திடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று நிப்லாவைப் பார்த்துச் சொன்னார்.

பிரசாந் எழுந்து நின்றான். சற்றுமுன் வரை தன் பேருக்காகப் பயந்துகொண்டிருந்தவன் அவன்.

"எல்லாத்தையும் திரும்ப வளர்க்கோணும் மேடம், எனக்கு ஓராள் வேணும். லீவு நாளிலயும் இதுகள் பசியில கிடக்குமோ எண்டு ஓடி வந்த ஆளை விட்டிட்டு, வேற யாரை எடுக்கப் போறீங்க?"