பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

"டமால்!"

மாமல்லபுரத்தில் ஷ்யாமின் கார் ஆடியோ கடை வாசலில் நின்றிருந்த டூரிஸ்ட் வேனுக்குள்ளிருந்து கரும்புகை கிளம்பியது. பக்கத்துப் பட்டறையில் கல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் உளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

மாலை மணி நான்கு.

ரோந்து ஜீப்பிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியா குதித்து இறங்கியபோது, வேன் உரிமையாளர் பிரவின்குமார் ஷ்யாமின் காலரைப் பிடித்திருந்தான். ஷ்யாமின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"கையை எடு. என்ன வெடிச்சது?"

"ஆம்ப்ளிஃபயரு மேடம். சப்-ஊஃபர் அதிரணும்னா இது வேணும். செகண்ட் ஹேண்டு. மதியம்தான் கேளம்பாக்கத்துல சாம்னு ஒருத்தர்ட்ட வாங்கினேன். என் மச்சினன் சரவணகுமார் வெச்சிருந்த அதே மாடலு. அங்க அரை மணி நேரம் அலற வுட்டு டெஸ்ட் பண்ணோம், சும்மா கும்முனு கேட்டுச்சு. இவன் ப்ளஸ் மைனஸ மாத்திக் குடுத்து நாஸ்தி பண்ணிட்டான்!"

"இல்ல மேடம்" என்றான் ஷ்யாம். "ஒயரு கரெக்டாத்தான் குடுத்தேன். எட்டு வருசமா இவரு வண்டிக்கு நான்தான் வேல செய்றேன்."

"இன்னியோட முடிஞ்சுது. வேன் ஸ்டாண்டுல சொல்லிட்டேன். ஒரு வண்டிகூட இனிமே இவன் கடை வாசல மெதிக்காது."

அந்த ஸ்டாண்டு வண்டிகளை விட்டால் ஷ்யாமுக்கு வேறு பிழைப்பு கிடையாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஜெயப்பிரியா ஷ்யாமை மேலும் கீழும் பார்த்தாள். அவன் வெள்ளைச் சட்டையின் மார்பில் மஞ்சளாக ஒரு தீற்று.

"இது என்ன கறை?"

ஷ்யாம் குனிந்து பார்த்தான். "சந்தனம் மேடம். அட்டைப் பெட்டிலேர்ந்து ஆம்ப்ள அணைச்சுத் தூக்கினேன் இல்ல, அப்ப ஒட்டிக்கினு இருக்கும்."

"ஆமா, பொட்டு வெச்சோம்" என்றான் பிரவின்குமார். "எது வாங்கினாலும் என் வூட்டுக்காரி பொட்டு வெக்காம வண்டில ஏத்த மாட்டா."

கேளம்பாக்கம் சாமுக்கு ஃபோன் போனது. ஸ்பீக்கரில் அவன் குரல் பதறியது.

"மேடம், நல்ல பீஸு மேடம்! டெஸ்ட் முடிஞ்சதும் அவர் சம்சாரம் சந்தனம் குங்குமம் வெச்சாங்க. சூடு தாங்காம விரல உதறிக்கினாங்க, நான்கூட சிரிச்சேன். அப்படியே சூட்டோட பெட்டில வெச்சு டேப்பு ஒட்டிக் குடுத்தேன். அவரு பாத்துக்கினுதான் இருந்தாரு."

"மூடியைத் திற" என்றாள் ஜெயப்பிரியா.

ஷ்யாம் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே பாகங்களின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. செம்புக் கம்பிகள் பச்சையாகியிருந்தன.

"உப்பு!" என்று கத்தினான் ஷ்யாம். "மேடம், இது கடல் தண்ணி குடிச்ச பீஸு. இது எப்படி அரை மணி நேரம் பாடும்?"

கூட்டம் சலசலத்தது. பிரவின்குமார் மட்டும் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"வுடுங்க மேடம்" என்றான். "கேஸெல்லாம் வேணாம். இன்னாவோ போறாத நேரம். நான் பாத்துக்கறேன்."

ஜெயப்பிரியாவின் புருவம் உயர்ந்தது. "அடிச்ச கை இன்னும் ஆறலை, அதுக்குள்ள கேஸ் வேணாமா? வழியில எங்கே நின்னீங்க?"

"கோவளத்துல. மீன் சாப்பாடு சாப்ட்டேன்."

"வேனைப் பூட்டினீங்களா?"

"எதுக்கு? பானு உள்ள குந்தினு இருந்தா. வெள்ளிக்கிழம வெரதம் அவளுக்கு."

"அப்போ பெட்டி பக்கத்துல ஒரு ஆள் இருந்திருக்காங்க."

"ஆளா?" பிரவின்குமார் விழித்தான். "அவ என் பொண்டாட்டி மேடம்."

ஜெயப்பிரியா ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் பொட்டு இருக்கான்னு பார்த்தீங்க. எப்படி இருக்குன்னு யாரும் பார்க்கலை. விரலைச் சுடுற சூட்டுல வெச்ச சந்தனம் அங்கேயே காய்ஞ்சு பொருக்காயிடும். இது ஷ்யாம் சட்டையில ஈரமா ஒட்டியிருக்கு. அப்போ இந்தப் பொட்டு ஆறிக் கிடந்த ஆம்ப்ளிஃபயர்மேல, கொஞ்ச நேரம் முன்னாடி வெச்சது. சாம் உங்க கண் முன்னாடி டேப் ஒட்டினார். ஷ்யாம் உங்க கண் முன்னாடி பிரிச்சான். நடுவுல கோவளம் மட்டும்தான். அங்கே சந்தனமும் பெட்டியும் ஒரே ஒருத்தர் கையில இருந்திருக்கு."

அவள் வேனுக்குள் ஏறினாள்.

கடைசி இருக்கையில் பானுமதி உட்கார்ந்திருந்தாள். வெடித்தபோதும் சரி, அடி விழுந்தபோதும் சரி, அவள் இறங்கவில்லை. காலடியில் ஒரு பெரிய பூஜைப் பை. ஜெயப்பிரியா கை நீட்டியதும் மறுக்காமல் தள்ளிவிட்டாள்.

தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் அடியில், புடவைத் துணியில் சுற்றிய இன்னொரு ஆம்ப்ளிஃபயர். அதே மாடல். அதன் மேல் சந்தனம் ஏரி வண்டலைப் போல வெடித்துக் காய்ந்திருந்தது.

"பானு..." பிரவின்குமார் வேன் படியைப் பிடித்துக்கொண்டான். "நீயா? எனக்கே துரோகம் பண்ணியா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஷ்யாமைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிச்சிருப்பா. உன் மேல கை வெப்பாருன்னு நெனக்கல. வெடிச்ச சத்தத்துல வாய் அடச்சுப் போச்சு. மூடியத் தொறந்தா அவருக்கே புரிஞ்சிடும், தலய குனிஞ்சுக்கினு போயிடுவாருன்னு இருந்தேன்."

"அவருக்கு எப்படிம்மா புரியும்?" என்றாள் ஜெயப்பிரியா. "இந்த உப்பு பிடிச்ச பீஸ் யாரோடது?"

பானுமதி இப்போதுதான் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி சரவணகுமாரோடது மேடம். மாசி மகத்துக்குப் படகுல பாட்டுப் போடறேன்னு இரவல் வாங்கினு போயி, கடல்ல போட்டு எடுத்து, மேல மட்டும் பளபளன்னு தொடச்சு, 'நல்லாத்தான் கீது, நீதான் கெடுத்துட்ட'ன்னு அவன் தலைலயே கட்டினாரே இவரு... அதேதான்."