வாசலில் நின்ற அப்பா

டிக்கோயாவிலிருந்து புறப்பட்ட பஸ், கொழும்பு தேசியக் கலைக்கூடத்தின் முன்னால் நின்றது.

முதலில் இறங்கியவள் ஐந்தாம் வகுப்பு ஜெயந்தினி. பின்னால் அவள் அப்பா வீரய்யா இறங்கினார். அவர் தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் துணையாக வந்திருந்தார்.

கலைக்கூடத்தின் தரை பளபளத்தது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கோயில் வாசலில் செய்வதைப் போலவே சப்பாத்துகளைக் கழற்றிக் குவித்துவிட்டார்கள்.

"நீங்க போங்க. நான் இதயெல்லாம் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா.

ஜெயந்தினியின் முகம் வாடியது. "அந்தப் படமெல்லாம் எம்மாம் பெருசா இருக்கும்?" என்று ஒரு வாரமாகக் கேட்டவர் அவர்தானே!

காவலாளி சிரித்துக்கொண்டே சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஜெயந்தினிக்குப் புரிந்தது.

"கழட்ட வேணாமாம்! போட்டுக்கிட்டே போகலாமாம்!"

"பேர் பதிஞ்சிட்டு வர்றதுக்குள்ள என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க!" என்று டோரீன் டீச்சர் தலையில் கை வைத்தார்.

எந்தச் சப்பாத்து யாருடையது என்று தேடி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது.

"இப்ப வாங்கப்பா."

"நான் பஸ்ஸப் பாத்துக்கிறேனே."

"பஸ்ஸுக்கு டிரைவர் மாமா இருக்காரு!"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "படத்துக்குக் கீழ எழுதியிருக்குமாம். வாசிக்கத் தெரியாம முழிச்சா ஒன் கூட்டாளிங்க சிரிப்பாங்க. ஒனக்குத்தான் வெக்கம்."

ஜெயந்தினி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு வெளையாட்டு வெளையாடுவோம். நானும் எழுத்தப் பாக்க மாட்டேன். படத்த மட்டும் பாத்து, என்ன நடக்குதுன்னு சொல்லணும். பொறகுதான் வாசிப்பேன்."

"தப்பாச் சொன்னா?"

"நானுந்தானே தப்பாச் சொல்லப்போறேன்."

அப்பா சிரித்துவிட்டார். தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

உள்ளே ஒரு பெரிய படம். தேயிலை மலை, கறுத்த வானம், கூடையுடன் நான்கு பெண்கள்.

"மழை வரப்போகுது" என்றாள் ஜெயந்தினி.

"இல்லம்மா. வானத்த விடு, கானப் பாரு. செம்மண் தண்ணி நெறஞ்சு ஓடுது. மழை இப்பத்தான் விட்டிருக்கு."

அவள் குனிந்து வாசித்தாள். 'மழை விட்ட பிறகு.'

"ஜெயிச்சிட்டீங்கப்பா!"

அப்பாவோ படத்தை விட்டு அசையவில்லை. "வளைவுல நுரைய எப்படி வச்சிருக்காரு பாரு! தண்ணி ஓட வேண்டிய பக்கமே ஓடுது. இத வரஞ்சவரு கான் வெட்டியிருப்பாரோ? அத்தனையும் சாயந்தானா?"

"மாமா, இங்க வாங்க! இதுல என்ன நடக்குது?" என்று அவள் வகுப்பு வினோஜன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா சிலவற்றைச் சரியாகச் சொன்னார். சிலவற்றைத் தப்பாகச் சொல்லி, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

டோரீன் டீச்சர் கைதட்டினார். "போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். ஒருவர் மட்டும் நகரவில்லை.

"டீச்சர்," என்றார் வீரய்யா, "இன்னும் ரெண்டு சுவர் பாக்கி இருக்குதுங்களே!"