மிச்சம் பதினேழு விழுக்காடு

காலையில் எனக்கு முதல் வேலை அழிப்பதுதான். அன்றைக்கு வந்த ஒலிவார்ப்பியை மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, பழைய சொந்தக்காரர் உள்ளே சேர்த்து வைத்திருக்கும் கிடார் பேட்ச்சுகளை, அதாவது பெயரிட்ட ஒலி அமைப்புகளை, நீக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் துடைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அதைத் தொடமாட்டேன். பெயர்களையாவது ஒருமுறை படித்துவிட்டு அழிப்பேன். சட்டத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை வந்த பெட்டியில் நாற்பத்தொன்று இருந்தன. ‘கல்யாணம் லீடு 2’, ‘சர்ச் கிளீன்’, ‘மாமா கேட்டது’, ‘தொடாதே’. ‘தொடாதே’யையும் தொட்டுத்தான் அழித்தேன். என்ன செய்வது, உத்தியோகம்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது குரல்பெட்டி. கிடாருக்காகச் செய்யப்பட்டது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு காலத்தில் கிடார்காரர்களான நாங்கள் இதை மாடலர் என்போம். பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தைக் கணக்குப் போட்டு அப்படியே வார்த்துத் தரும். ஒரு முழ நீளப் பெட்டி, உள்ளே ஒரு சில்லு, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் சில்லு செய்யும் ஆலைகள் நின்றன. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நின்றது நின்றதுதான். அதற்குப் பிறகு புதிதாக ஒரு சில்லுகூட வரவில்லை; இருப்பதைக் கழற்றி மாட்டித்தான் ஊரே ஓடுகிறது. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்தவர்களுக்குச் செயற்கைக் குரல் கொடுக்க, தாமதமே இல்லாத பெட்டி ஒன்று தேவைப்பட்டது. மற்ற இயந்திரங்கள் யோசித்துப் பதில் சொல்லும். கிடார்காரன் அதைப் பொறுக்கமாட்டான். கம்பியைத் தட்டிய கணத்தில் சத்தம் வரவேண்டும், ஒரு நொடியில் நூற்றில் இரண்டு பங்கு பிந்தினாலும் மூஞ்சியைச் சுளிப்பான். எங்களுடைய அந்தத் திமிருக்காகவே இந்தப் பெட்டிகளை அவ்வளவு வேகமாகச் செய்து வைத்திருந்தார்கள். இருக்கிற பெட்டிகளைக் குரல் போனவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று குரல் முன்னுரிமைச் சட்டம் வந்ததும் அதிகாரிகள் நேராக எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

என் பெட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. யாரோ ஒருவர் இந்நேரம் அதில் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் கோபமும் வராது, பெருமையும் வராது. பெட்டிக்கு ஈடாக மதுரை சிம்மக்கல்லில், குரலகம் என்ற இந்த மாடி அறையில், வேலை கொடுத்தார்கள். என் பெயர் ஜெயசீலன்.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் படியேறி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும், கழுத்தில் சின்னக் கட்டு. பின்னால் குடையோடு வந்தவர் அவர் கணவர்.

“மங்கையர்க்கரசி. அரசுப் பள்ளியில தமிழாசிரியர். முப்பத்து மூணு வருஷ சர்வீஸ், இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு,” என்றார் அந்த அம்மா. “அடுத்த திங்கள் ஆபரேஷன்.”

“நான் சோணைமுத்து, தம்பி. டவுன் பஸ் ஓட்டுனேன், இப்ப ரிட்டையரு,” என்றார் கணவர். “வாத்தியாரம்மாவக் கட்டிக்கிட்ட மக்குப் பய. கெளமைக்கு நாலு திட்டாவது வாங்கலேன்னா எனக்குச் சோறு எறங்காது.”

“கிழமை,” என்றார் டீச்சர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“அதத்தேன் சொன்னேன், கெளமை.”

டீச்சர் சிரித்தார். முதலில் மூக்கில் ஒரு சீறல், பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு எவர்சில்வர் டம்ளர் மாடிப்படியில் உருளுவது போல ஒரே ஓட்டம். என் கை தானாகப் போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டது. கிடார்காரன் புத்தி, நல்ல சத்தத்தை விடாது. சோணைமுத்து என்னைப் பார்த்து, “எப்பிடி?” என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்.

அன்று முழுக்க வார்ப்பு எடுத்தேன். டீச்சர் கழுத்தில் உணர்பட்டையைக் கட்டிக்கொண்டு, நான் கொடுத்த சொற்பட்டியலைப் படித்தார். நாக்கும் தொண்டைத் தசையும் எப்படி அசைகின்றன என்று பட்டை குறித்துக்கொள்ளும். குரல்வளை போன பிறகும் அந்த அசைவுகள் இருக்கும். அவற்றைப் படித்துப் பெட்டி அவருடைய குரலை அப்போதைக்கப்போது வார்த்துக் கொடுக்கும். பட்டியலில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருப்பதாகச் சொல்லி, என் பேனாவை வாங்கித் திருத்தியும் கொடுத்தார். ஆறு வருஷமாக யார் கண்ணிலும் படாத பிழைகள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியின் சுமைமானியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் சொல்லியாக வேண்டிய விஷயம்.

“இந்தப் பெட்டியோட தெம்பு நூறு விழுக்காடு, டீச்சர். உங்க உயிரெழுத்துக்கு முப்பத்தெட்டு போகுது. மெய்யெழுத்துக்கு இருபத்தேழு. குரல் ஏறி இறங்கிப் பேசறதுக்குப் பதினெட்டு. மிச்சம் பதினேழு. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. ஒண்ணு ழ, அதுக்குப் பதினாலு. இன்னொண்ணு சிரிப்பு, அதுக்குச் சரியா பதினேழு.”

“ழகரத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு?”

“மத்த மெய்யில நாக்கு எதையாவது தொடும், பட்டைக்குத் தெரிஞ்சிடும். இதுல நாக்கு வளைஞ்சு மேல போயி எதையும் தொடாம நிக்குது. தொடாததைக் கண்டுபிடிக்கப் பெட்டிக்கு மூச்சு வாங்குது. பட்டியல்ல இந்த எழுத்தைக் கடைசியாச் சேர்த்ததே நாங்கதான். வடக்கே பெட்டிக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.”

டீச்சர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. “கொஞ்சம் மட்டமா, குறைச்ச தெம்புல பண்ண முடியாதா?”

பண்ணிக் காட்டினேன். ஐந்து விழுக்காட்டு ழகரம் மோட்டார் இறைப்பது போல வந்தது. எட்டு விழுக்காட்டுச் சிரிப்பு, குக்கர் விசில். இரண்டு பெட்டிகளைச் சேர்த்து மாட்டினால் என்ன என்றார். அதையும் செய்து காட்டினேன். இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி முடிப்பதற்குள் குரல் பின்தங்கிவிடும். டீச்சர் “வணக்கம்” என்று தொடங்கி, தன் ‘வ’ தனக்கே தாமதமாகக் கேட்கவும், “வண” என்பதோடு திணறி நின்றார். அந்தத் தாமதத்தோடு எந்த மனுஷராலும் ஒரு வரி முழுசாகப் பேச முடியாது.

“அப்ப ழ இருக்கட்டும், சீலன். சிரிப்பை எடுத்துடுங்க,” என்றார். “சிரிப்பு முகத்துலயே தெரியும். தமிழ்னு சொல்ல வராத தமிழ் டீச்சர் வகுப்புல எதுக்கு? பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க. அவங்க பண்ணலைன்னாலும் எனக்கு உடம்பு கூசும்.”

சோணைமுத்து மானியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்ப தம்பி எளுதுவீங்க?”

“வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கிட்டு எழுதிடுவேன். நினைவகம் கிழடு தட்டிப்போச்சு, ஒரு தடவைதான் தாங்கும். எழுதினா எழுதினதுதான்.”

இருவரும் இறங்கிப் போனார்கள். இரண்டு நிமிஷத்தில் சோணைமுத்து மட்டும் திரும்பி வந்தார். குடையை வேண்டுமென்றேதான் விட்டுப் போயிருக்கிறார்.

“அந்தச் சிரிப்பயே வச்சிருங்க தம்பி. அவளுக்குத் தெரிய வேணாம்.”

“அது முடியாதுண்ணே. குரல் அவங்களோடது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. “முப்பத்தோரு வருசம் தம்பி. நாள் பூராம் ஆரப்பாளையத்துக்கும் பெரியார் ஸ்டாண்டுக்கும் பஸ் ஓட்டிட்டு, ஊருச் சனத்துகிட்ட ஏச்சு வாங்கிட்டு வீட்டுக்கு வந்து, வேணுமுன்னே கோக்குமாக்கா எதையாவது சொல்லுவேன். அவ சிரிப்பா. அம்புட்டுத்தேன், அன்னைக்குச் சம்பளம் வந்துருச்சு எனக்கு. அந்தச் சத்தம் இல்லாத வீட்டுக்குள்ள நான் என்னான்னு தம்பி போவேன்?”

“இதை அப்படியே அவங்ககிட்டச் சொல்லுங்கண்ணே.”

“சொன்னா எனக்காக விட்டுக் குடுத்துருவா. பெறகு ஆயுசுக்கும் அந்த எளுத்த நெனச்சு மருகுவா. அது எனக்கு வேணாம்.” எழுந்து குடையை எடுத்தவர், படியருகில் நின்றார். “நாக்கு எதையும் தொடாதுன்னீங்களே, மெய்தேனா?”

“ஆமாண்ணே. மேல வளையும், தொடாது.”

“வளையும், தொடாது,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் போன பிறகு திங்கட்கிழமைப் பதிவைப் போட்டு அந்தச் சிரிப்பை இரண்டு முறை கேட்டேன். சட்டப்படி அதுவும் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் படிவத்தை வாங்கி வரி விடாமல் படித்தார். ‘நீக்கப்படும் கூறு’ என்ற இடத்தில் ‘சிரிப்பு’ என்று எழுதியிருந்தேன். பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிசம்,” என்று சோணைமுத்து எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையனைப் போல இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டார். “மழை. வாழைப்பழம். கிழமை. எழுத்து. தாழ்ப்பாள். தமிழ்.”

ஒவ்வொரு ழகரமும் சுத்தமாக, வழவழவென்று வந்திருந்தது.

“என்னங்க இது?” என்றார் டீச்சர்.

“எனக்கு எப்பவுமே வரும் மங்கை. நீ திருத்துவ, சிரிப்பன்னுதேன் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“முப்பத்தோரு வருஷமாவா?”

“ஆமா. இப்ப என்னாங்கிற? உனக்கு எங்கெங்க அது வரலையோ அங்கெங்க நான் சொல்லுறேன். வகுப்புக்கு வேணும்னாலும் வந்து வாசல்ல நிக்கிறேன். நீ சிரிப்ப வச்சுக்க.”

டீச்சர் அவர் வாயையே வெகுநேரம் பார்த்தார், விடைத்தாளைப் பார்ப்பது மாதிரி. கடைசியில், “ஃபிராடு மனுஷன்! முப்பத்தோரு வருஷம் என் தொண்டைத் தண்ணியை வத்த வச்சிருக்காரு பாருங்க, சீலன்,” என்றார். மூக்கில் சீறல் வந்தது, பிறகு டம்ளர் உருண்டது. சொந்தத் தொண்டையில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. படிவத்தில் ‘சிரிப்பு’ என்பதை அடித்துவிட்டு, ‘ழகரம்’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சரியான ஆள்தான் இந்த டிரைவர் என்று நினைத்துக்கொண்டே பெட்டியில் எழுதினேன்.

ஏழு வாரம் கழித்துப் பெட்டியைப் பொருத்த வந்தார்கள். டீச்சர் இளைத்திருந்தார். பட்டையைக் கழுத்தில் கட்டி, பெட்டியைக் கைப்பை மாதிரித் தோளில் மாட்டிவிட்டேன். “வணக்கம்,” என்றார். அவர் குரலேதான். ஒரு கீறல்கூட இல்லை. சோணைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு டீச்சர் மெதுவாக, “தமிள்,” என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“தமிழ்,” என்றார் சோணைமுத்து உடனே, பக்கத்தில் நின்று. டீச்சர் தலையை ஆட்டினார். அவருக்கு அது பிடித்திருந்ததா, வலித்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

“நான் போயி டீ வாங்கியாறேன்,” என்று சோணைமுத்து இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் கீழ்ப்படியைத் தாண்டும்வரை டீச்சர் காத்திருந்தார்.

“அவருக்கு அந்த எளுத்து வராது, சீலன்.”

எனக்குப் புரியவில்லை. “அன்னைக்கு அவ்வளவு சுத்தமா…”

“மூணு நாள் பாத்ரூமுக்குள்ள குளாயைத் திறந்து விட்டுட்டுப் பளகினாரு. ஊர்ல தண்ணிப் பஞ்சம், இவரு பாட்டுக்கு ரெண்டு ரெண்டு வாளி வீணாக்கினாரு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். முப்பத்து மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தவளுக்கு, புதுசா வந்தது எது, பளசு எதுன்னு தெரியாதா?”

“தெரிஞ்சுமா டீச்சர் கையெழுத்துப் போட்டீங்க?”

“எத்தனை ஆயிரம் பிள்ளைங்ககிட்ட கெஞ்சியிருக்கேன், நாக்கை வளைங்கடா வளைங்கடான்னு. நான் கேக்காமலே ஒருத்தரு கத்துக்கிட்டு வந்து நின்னாரு. அதுவும் அறுபது வயசுல. அதுக்கு மார்க் போடாம இருக்க முடியுமா? அவருகிட்டச் சொல்லிடாதீங்க.”

சொல்லவில்லை. சோணைமுத்து மூன்று டீயோடு மேலே வந்தார், சட்டைத் தோளில் நாலைந்து சொட்டு ஈரம். டீயை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மிகவும் கவனமாகச் சொன்னார்.

“மழை வருது மங்கை. டீயைக் குடிச்சிட்டுக் கிழம்புவோமா?”

டீச்சரின் தோள் குலுங்கியது. பெட்டியின் மானி எண்பத்து மூன்றிலிருந்து ஒரே தாவலாகத் தாவி நூற்றில் போய் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி தாங்கியது. மூக்கில் சீறல், ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு டம்ளர் படியெல்லாம் உருண்டது. சோணைமுத்து ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிய வேண்டியதில்லை என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அழுகையும் வந்துவிட்டது அவருக்கு.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கிளம்புவோம்,” என்று திருத்தினார். ளகரம் அந்தப் பெட்டியில் சுத்தமாக வரும்.