இரைச்சல் நீக்கம்

தொட்டிலறையில் குழந்தை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் சமையல் மேசைமேல் இருந்த குழந்தைக் கண்காணிப்புக் கருவியில் யாரோ வாயை மூடிக்கொண்டு தாலாட்டு முனகுவது கேட்டது.

ஸ்மரண்டா மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டாள். கதவைத் திறந்தால் நின்றுவிடும். மகள் இலிங்கா தூங்கிக்கொண்டிருப்பாள், மணிக்கட்டில் கண்ணேறு படாமலிருக்க மாமியார் கட்டிவிட்ட சிவப்பு நூல். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மறுபடியும்.

ருமேனியாவின் யாஷி நகரில் டிசம்பர் மாதம் நாலரைக்கே இருட்டிவிடும். படிக்கட்டிலிருந்து யார் வீட்டிலோ முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றிய சார்மலெ வேகும் புளித்த மணம் கதவிடுக்கு வழியாக வந்தது. சுவரோரத்து வெந்நீர்க் குழாய்கள் சூடேறும்போதெல்லாம் நெட்டி முறிப்பதுபோலச் சொடுக்கின.

குழந்தை தூங்கும் அறையின் படத்தையும் ஓசையையும் அடுத்த அறைக்குக் கொண்டுவரும் அந்தக் கருவிதான் அவளுடைய பிழைப்பு. அதன் புதிய மென்பொருளை ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும்; அதன்பின் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது. எந்த மாற்றம் உள்ளே, எது வெளியே என்பது அவள் முடிவு. மின்கல அளவைத் திருத்தியதைச் சேர்த்துவிட்டாள். புது வண்ணத்திரையைத் தள்ளிவிட்டாள். மிச்சம் அவள் குழுவில் வேலை செய்யும் ஹோரியாவினுடையது ஒன்றுதான்: இரைச்சல் நீக்கம்.

தொலைபேசியில் ஹோரியா அவசரப்படுத்தினான். "எத்தனை வீட்டுல புகார் பாருங்க. எல்லாம் இந்த முனகல்தான். பக்கத்து வீட்டுக் கருவியோட அலை கலக்குது, வேற ஒண்ணும் இல்ல. என் மாற்றம் அதை அப்படியே வடிகட்டிடும்."

"எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சியா?"

"கேக்காம போயிட்டா புகாரும் போயிடும்ல, சட்டாம்பிள்ளையம்மா?"

அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றத்தையும் முதலில் சொந்த வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். புகார் நின்றால் போதும், சேர்த்துக்கொள்ளலாம். ஸ்மரண்டா தன் கருவியில் போட்டாள். முனகல் பாதியில் அறுந்தது. எத்தனை நேரமாகத் தோளை இறுக்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சேர்த்தாள். ஐந்தடித்தது. பூட்டினாள்.

பால் காய்ச்சலாமென்று கருவியைக் கையிலெடுத்துக்கொண்டு தொட்டிலறையைக் கடந்தாள். கால் நின்றது.

கையிலிருந்த கருவி மௌனமாக இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் முனகல் கேட்டது. வெறும் காதுக்கு. முன்பைவிடத் தாராளமாக, ஒளிந்துகொள்ளும் அவசியம் தீர்ந்துவிட்டதுபோல.

ஹோரியாவை அழைத்தாள். "அதை வெளியே எடு. இப்பவே."

"பூட்டினா பூட்டினதுதான்னு சட்டம் போட்டது யாரு? போன வருஷம் ஒரு எழுத்துப்பிழைக்குக்கூட நீங்க திறக்கல. காலையில எல்லா வீட்டுக்கும் போயிடும்."

"அது அலை இல்ல, ஹோரியா. அறைக்குள்ள இருக்கு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், அவன் வீட்டில், அதே மெட்டு.

"உன் பையன் எங்க?"

"தூங்கறான். ஏன்?"

"பக்கத்துல யாரு பாடறா?"

"யாரு பாடறா? வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா. நான் கூடத்துல இருக்கேன், கருவி பக்கத்துலயேதான் இருக்கு. சத்தமே இல்லையே."

"கருவியை விடு. போய்ப் பாரு. ஓடு!"

மெட்டு மட்டும் கேட்டது. தொலைபேசி கையிலிருந்து நழுவியது.

கதவைத் தள்ளினாள்.

இந்த முறை முனகல் நிற்கவில்லை.

சாளரம் சாத்தியிருந்தது. நாற்காலி காலி. தொட்டில் மெல்ல ஆடியது. அந்த ஆட்டத்தோடு இழைந்து மெட்டு ஏறியது, இறங்கியது. இலிங்கா விழித்திருந்தாள். மேலே எதையோ பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள். சின்ன விரல்கள் வெறுங்காற்றைச் சுற்றி மூடியிருந்தன. முழுக்க மூடவில்லை. நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு இடைவெளி.

இன்னொரு கை தலையணைமேல் மலர்ந்து கிடந்தது. அதன் மணிக்கட்டில் சிவப்பு நூலின் முடிச்சு, அவசரமில்லாமல், ஒவ்வொரு இழையாகத் தளர்ந்துகொண்டிருந்தது.